எழுபத்தோராம் பக்கத்து அழுகை

செப்டெம்பர் 4

காலைச் சீனி 8.1.

இரத்தத்தில் சீனியின் அளவை மட்டும் எழுதச் சொல்லித்தான் டொக்டர் இந்தக் கொப்பியைத் தந்தார். ஒரு முழுப் பக்கத்தில் ஒரேயொரு எண்ணை எழுதிவிட்டு மிச்சத்தைச் சும்மா விட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன். டொக்டர் வாசித்தால் வாசிக்கட்டும், அவருக்குத் தமிழ் தெரியாது.

இன்றைய செய்தி: என் மனைவி தவமலருக்குக் கதாநாயகி வேடம் கிடைத்திருக்கிறது, அறுபத்திரண்டு வயதில். இருபது வருடமாகக் கனடாத் தொலைக்காட்சியில் நடிக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரியாக, நோயாளியாக, வரிசையில் முன்னால் நிற்கும் பெண்ணாக எல்லாம் வந்திருக்கிறாள். இது முழுநீளப் படம், ஒரு காட்சி விடாமல் அவள் வருகிறாள். இயக்குநர் ஹெதருக்கு முப்பத்துநாலு வயது, எங்கள் மகள் நிரூஜாவைவிட இளையவள். வீட்டுக்கு வந்து கதை சொல்லி, மூன்று ரோல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

கதை இதுதான். ஸ்காபரோவில் ஒருத்தியின் புருஷன் செத்துப்போகிறான். அதற்குப் பிறகு அவள் தனியே வாழப் பழகுகிறாள். புருஷன் ஒரேயொரு காட்சியில், அதுவும் சவப்பெட்டிக்குள் வருகிறான்.

"அவருக்கு வசனமே இல்லையோ?" என்று கேட்டேன்.

"குடுத்து வைச்ச மனுசி," என்றாள் மலர்.

படப்பிடிப்புக்குக் கார் அனுப்புவதாக ஹெதர் சொன்னாள். வேண்டாம் என்றேன். இருபது வருடமாக என் மனைவியைக் கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் நான். இப்போது கதாநாயகி ஆனதும் வேறொருவன் ஓட்ட வேண்டுமோ?

செப்டெம்பர் 9

சீனி 7.6.

கனடியத் திரை, தொலைக்காட்சிக் கலைஞர்களைப் பற்றி ஒரு கைநூல் வரப்போகிறதாம். மலரின் வாழ்க்கைக் குறிப்பைக் கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். "நீங்களே நிரப்புங்கோ, எனக்குப் புட்டு அவியுது," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பிறந்த இடம்: கோண்டாவில். கனடா வந்தது: 1989. நடிப்புப் பயிற்சி: இல்லை. தையல் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் காலர் தைத்தாள். அறிமுகம்: ஆஸ்பத்திரித் தொடர் ஒன்றில் கட்டிலில் படுத்திருந்த பெண். கூட வேலை செய்த பூமணியக்கா தனியே போகக் கூச்சப்பட்டு மலரையும் இழுத்துக்கொண்டு போனா. எடுபட்டது மலர். பூமணியக்கா அதற்காக மூன்று மாதம் கதைக்கவில்லை.

பெயர் வாங்கித் தந்த வேடம்: நகைச்சுவைத் தொடரில் பக்கத்து வீட்டு மிஸஸ் பிள்ளை. ஏழு வருடம், வாரத்துக்கு ஒரு வசனம். பனி அள்ளிக்கொண்டே கதாநாயகனைப் பார்த்து அந்த ஒன்றைச் சொல்வாள், நாடு சிரிக்கும். ஒருமுறை பஸ் சாரதி ஒருவர் மலரைப் பார்த்துவிட்டு பஸ்ஸை நிறுத்தி எழுந்து கைகொடுத்தார். பின்னால் இருந்தவர்களுக்குக் கோபம் வரவில்லை, அவர்களும் கைகொடுக்க வந்தார்கள். பிறகு நீதிபதி வேடம். அதற்கு விருதுப் பட்டியலில் பெயர் வந்தது, விருது வரவில்லை. அந்த நடுவர்களுக்குக் கண் தெரியாது என்பதைப் படிவத்தில் எழுத இடம் இருக்கவில்லை.

கணவர் என்ற கட்டத்தில் 'அருளம்பலம், சாரதி' என்று எழுதினேன்.

செப்டெம்பர் 15

சீனி 8.8. படியேறும்போது நெஞ்சில் ஒரு பாரம். நேற்றுத் தின்ற வடையாக இருக்கலாம்.

வடை இல்லை. எழுதத்தான் வேண்டும். போன மாதம் கண் டொக்டரிடம் போவதாக மலரிடம் சொல்லிவிட்டு இருதயச் சோதனைக்குப் போனேன். இன்று கடிதம் வந்திருக்கிறது. மூன்று குழாய்கள் அடைபட்டிருக்கின்றன, பைபாஸ் செய்ய வேண்டும், ஒக்டோபர் 3 வரச் சொல்கிறார்கள்.

ஒக்டோபர் 6 மலருக்கு முதல் நாள் படப்பிடிப்பு. இது தெரிந்தால் படத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக் கதிரையில் வந்து குந்திக்கொள்வாள். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணித் தள்ளிவைக்கச் சொன்னேன். கடிதத்தைக் கராஜில் பனிக்கால டயர்களுக்குப் பின்னால் வைத்தேன். டிசம்பர்வரை அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

படம் முடியட்டும், பார்க்கலாம்.

செப்டெம்பர் 22

சீனி 7.9.

வசனப் பாடம். மலர் தன் பகுதியைச் சொல்வாள், மற்ற எல்லாருடைய பகுதியையும் நான் வாசிப்பேன். இருபது வருடமாக இதுதான் வழக்கம். இன்று நான் வங்கி மனேஜர், பாதிரியார், பக்கத்து வீட்டுச் சீனக் கிழவி. கிழவி நன்றாக வந்தது என்று எனக்குத் தோன்றியது.

"நீங்கள் நடிக்க வேண்டாமப்பா. சும்மா வாசியுங்கோ," என்றாள்.

பிரதியில் எல்லா வசனமும் அச்சில் இருக்கிறது, எழுபத்தோராம் பக்கத்தைத் தவிர. அங்கே பழைய நினைவாக, கணவனின் சவப்பெட்டிக்கு முன்னால் அவள் நிற்கிறாள். 'அவள் தன் மொழியில் அழுகிறாள்' என்று ஒரே ஒரு வரி, மிச்சம் வெள்ளை. ஹெதரிடம் கேட்டதற்கு, அதை எழுத எனக்குத் தகுதி இல்லை, தவாதான் சொல்ல வேண்டும் என்றாளாம். தவா என்பது தவமலர். அவர்களுடைய வாய்க்குள் அவ்வளவுதான் நுழைகிறது.

"அப்ப என்ன சொல்லப் போறாய்?"

"அது வரேக்க வரும்."

"முன்னமே எழுதிப் பாடமாக்கு. அங்க போய் முழிக்காதை."

அவள் பிரதியை மூடி வைத்தாள். பிறகு தேத்தண்ணி போட எழுந்து போனாள்.

ஒக்டோபர் 6

சீனி பார்க்கவில்லை. விடிய நாலரைக்குப் புறப்பட்டோம்.

முதல் நாளே சண்டை. விதவை வேடம் என்பதால் கழுத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது என்று உடை பார்க்கும் பெண் தாலிக்கொடியைக் கழற்றச் சொன்னாள். மலர் மாட்டேன் என்றாள். நீதிபதி வேடத்துக்கும் அவள் கழற்றவில்லை, அங்கிக்குள் மறைத்துக்கொண்டாள். இந்தப் படத்தில் அங்கி கிடையாது. கடைசியில் ஹெதர் வந்து கொடியைப் பின்பக்கம் தள்ளி, முதுகோடு பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டாள். கமரா முன்னால் மட்டும்தான் வரும் என்று சத்தியம் பண்ணினாள். நல்ல பிள்ளை.

பின்னேரம் வீட்டில் பிளாஸ்டரை நான் உரித்தேன். மெதுவாகத்தான் உரித்தேன், அப்படியும் கத்தினாள்.

ஒக்டோபர் 7

சீனி 8.0. மலரின் முதுகுத் தோல் சிவந்துபோய் இருக்கிறது. வேறு பிளாஸ்டர் வாங்க வேண்டும்.

ஒக்டோபர் 14

சீனி 9.2.

ஆஸ்பத்திரித் தாதி கூப்பிட்டாள். இருபத்துநாலாம் திகதி ஒரு இடம் இருக்கிறதாம். இருபத்தேழாம் திகதி எழுபத்தோராம் பக்கம். நவம்பருக்குத் தள்ளச் சொன்னேன். "ஐயா, இது தலைமயிர் வெட்டும் கடை இல்லை," என்றாள். வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்றாள். சாரதி என்றேன்.

போனை வைத்த பிறகுதான் பார்த்தேன், மலர் கையில் அகப்பையோடு குசினி வாசலில் நிற்கிறாள்.

"ஆரப்பா போனிலை?"

"விளம்பரக்காரன்."

"விளம்பரக்காரனோட என்ன தேதி கதைக்கிறியள்?"

கராஜுக்குப் போய் டயர்களை எண்ணினேன். நாலு. அதிக நேரம் எடுக்கவில்லை, ஆகவே இன்னொரு முறையும் எண்ணினேன்.

ஒக்டோபர் 20

சீனி 8.4. மழை.

காரில் வரும்போது, "உங்களுக்கு ஏதும் செய்யுதோ?" என்று கேட்டாள். ரேடியோச் சத்தத்தைக் கூட்டினேன். இந்த மனுஷியிடம் எனக்கு ஒரு வசதி. அவள் ஒரு கதையைத் தொடங்கினால் நான் எழுந்து போய்விடுவேன், அவள் விட்டுவிடுவாள். முப்பத்தெட்டு வருடம் அப்படித்தான் ஓடியது.

நெடுஞ்சாலையில் ஒரு தரம் ஓரமாக நிறுத்த வேண்டி வந்தது. கண்ணாடி துடைக்கிறேன் என்றேன்.

ஒக்டோபர் 27

சீனி 8.3. இன்று நிறைய எழுத இருக்கிறது.

ஈமச்சடங்கு நடத்தும் மண்டபம் ஒன்றை ஒரே ஒரு நாளுக்கு எடுத்திருந்தார்கள். அழுவதற்கு நாற்பது பேர், எல்லோரும் எங்கள் ஆட்கள். பூமணியக்காவும் வந்திருந்தா, சொந்த வெள்ளைச் சேலையோடு. ஒன்பது மணிக்கு எல்லாம் தயார், பிணத்தைத் தவிர.

பிணமாகப் படுக்கச் சிவப்பிரகாசம் என்று ஒருவரைப் பிடித்திருந்தார்கள். ஆள் பிடித்த பெண், 'படுத்திருக்கும் வேடம், வசனம் இல்லை' என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக் கட்டில் என்று நினைத்து, தலைக்கு மையெல்லாம் பூசிக்கொண்டு வந்திருக்கிறார். பெட்டியைக் கண்டதும், "என்ர மகளுக்கு அடுத்த மாசம் கலியாணம்!" என்று சொல்லி, காலில் சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிவிட்டார்.

ஹெதர் மற்ற ஆம்பிளைகளைக் கேட்டாள். ஒருவருக்கு அட்டமத்துச் சனி. ஒருவர் கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட இருந்தார். ஒருவர் தன் தாய்க்கு இன்னும் உயிர் இருக்கிறது, அவ கண்டால் அந்த இடத்திலேயே போய்விடுவா என்றார். பத்து நிமிடத்தில் பெட்டி இருந்த பக்கம் ஒரு ஆம்பிளை இல்லை. வெள்ளைக்காரன் யாரையும் படுக்க வைக்கவும் முடியாது. ஹெதர் சுவரோடு சாய்ந்து கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த மண்டபம் இன்னொரு நாளைக்குக் கிடைக்காது. எழுபத்தோராம் பக்கம் இல்லாவிட்டால் படம் இல்லை, மலரின் ஒரே படம்.

நான் போய் சேர்ட்டைக் கழற்றினேன்.

"உங்களுக்கு விசரே!" மலர் ஓடிவந்தாள். "வேண்டாம். நான் நடிக்கேல்லை. வாங்கோ வீட்டை போவம்."

"வேட்டியைத் தரச் சொல்லு. அவங்கள் கட்டிவிடுற மாதிரிக் கட்டினா ஒருத்தரும் நம்பமாட்டினம்."

வேட்டியை நானே கட்டினேன். விபூதியைக் குறுக்கே பூசாமல் நெடுக்கே பூச வந்த ஒப்பனைக்காரிக்கும் நானே காட்டிக்கொடுத்தேன். பெட்டிக்குள் பஞ்சு மெத்தை நல்ல வசதியாகத்தான் இருந்தது. மூச்சைச் சிறிது சிறிதாக விடச் சொன்னாள் ஹெதர். என்ன நடந்தாலும் அசையக்கூடாது, கண் திறக்கக்கூடாது என்றாள்.

முதல் டேக். மலரின் காலடி வந்து நின்றது. அழுகை வரவில்லை, ஒரு சத்தமும் வரவில்லை. நிறைய நேரம் கழித்து ஹெதர் கட் சொன்னாள். அருமை, ஆனால் குரல் வேண்டும் என்றாள்.

இரண்டாவது டேக். மலர் குனிந்து பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள். ஒப்பாரி இராகத்தில் தொடங்கினாள்.

"என்ர ராசாவே... டயருக்குப் பின்னாலை கடிதத்தை ஒளிச்சு வைச்சியளே... கண் டொக்டரெண்டு சொல்லி நெஞ்சு டொக்டரிட்டைப் போனியளே..."

நான் பெட்டிக்குள் படுத்திருக்கிறேன். எழுந்து போக முடியாது. கராஜ் இல்லை, ரேடியோ இல்லை.

"வந்த தேதியை ரெண்டு தரம் தள்ளினியளே ராசா... என்ர படத்தைச் சாட்டுச் சொன்னியளே... கார் தாறமெண்டு அவை கெஞ்சினவை, வேண்டாமெண்டியளே..."

படப்பிடிப்புக்காரர் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. நாற்பது தமிழருக்கும் எல்லாம் விளங்கியது. அழுகைச் சத்தம் நின்று மண்டபம் காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. பிறகு பூமணியக்கா மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தா:

"ஐயோ, ஆம்பிளையளே இப்பிடித்தான் தங்கச்சி! என்ர மனுசனும் சொல்லாமத்தானே போய்ச் சேர்ந்தார்!"

அது நடிப்பில்லை. அவவின் மனுஷன் போய் மூன்று வருடம்.

ஹெதர் கட் சொன்னாள். அற்புதம், இன்னொரு முறை, கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன் என்றாள். நான் கண்ணைத் திறந்து மலரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு அடுத்த டேக்குக்குத் தயாரானாள். தொழில்காரி.

மூன்றாவது டேக்கில் இராகம் இல்லை. கிட்டக் குனிந்து கதைத்தாள்.

"உங்களை இப்பிடிப் பாக்கிறதுக்கு எனக்கு ஒத்திகை வேணுமெண்டு ஆர் சொன்னது? இந்தப் படம் எனக்கு வேண்டாம். கைநூலும் வேண்டாம், விருதும் வேண்டாம். நீங்கள் ஒப்பரேசனுக்குப் போறியளோ இல்லையோ? இண்டைக்கு எனக்குச் சொல்லுங்கோ. போறியளோ?"

கண்ணீர் என் நெற்றியில் விழுந்து விபூதியோடு கரைந்து கண்ணுக்குள் போனது. எரிந்தது. நான் அசையவில்லை.

"போறியளோ எண்டு கேக்கிறன்!"

"ஓம், போறன்," என்றேன்.

பின்வரிசையில் இரண்டு பெண்கள் வீரிட்டுக் கத்தினார்கள். ஒருத்தி மலர்வளையத்தோடு விழுந்தாள். ஹெதர் ஓடிவந்து, என்ன நடந்தது, அவர் என்ன சொன்னார் என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். நாற்பது பேரில் ஒருவரும் சொல்லவில்லை. பூமணியக்கா மட்டும், "மனுசன் இப்பத்தான் புத்தியாக் கதைச்சிருக்குது, குழப்பாதையுங்கோ," என்று தமிழிலேயே பதில் சொன்னா.

நாலாவது டேக்கும் எடுத்தார்கள். அதில் அவள் மிக மெதுவாகக் கொஞ்சம் சொன்னாள். அதைத்தான் படத்தில் வைக்கப் போவதாக ஹெதர் சொல்கிறாள். அதில் அவள் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை.

வரும்போது காரை ஓட்ட என்னை விடவில்லை. படப்பிடிப்புக் காரில் பின் ஆசனத்தில் இரண்டுபேரும் வந்தோம். மலர் வழி முழுக்க என் வேட்டி நுனியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஒக்டோபர் 28

ஆஸ்பத்திரிக்கு மலரே போன் பண்ணினாள். நவம்பர் 16. சீனி பார்க்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 5

சீனி 7.4. படப்பிடிப்பு முடிந்தது. கேக் வெட்டினார்கள். எனக்கு ஒரு துண்டும் தரக்கூடாது என்று மலர் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள், விளக்குப் பிடிக்கிறவன் வரைக்கும்.

நவம்பர் 16

விடிய ஐந்தரை. நிரூஜா கல்கரியிலிருந்து நேற்றே வந்துவிட்டாள். மலர் பக்கத்தில் இருக்கிறாள். கொப்பியை வாங்கி வைக்கப் போகிறாளாம்.

நவம்பர் 25

வீட்டுக்கு வந்து இரண்டு நாள். இருமும்போது நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க ஒரு தலையணை தந்திருக்கிறார்கள். மூன்றல்ல, நாலு குழாய் மாற்றினார்களாம். ஆறு வாரம் கார் ஓட்டக்கூடாது. மலர் இரண்டு வேடங்களை வேண்டாம் என்றுவிட்டாள். மூன்றாவதை வேண்டாம் என்று சொன்னால் நான் மாத்திரை விழுங்கமாட்டேன் என்றேன். ஒத்துக்கொண்டாள். அதுவும் நீதிபதிதான், இந்த முறை இரண்டு வரி அதிகம்.

பெப்ரவரி 11

சீனி 6.3.

ஹெதர் ஒரு சின்னத் துண்டு ஒளிப்பதிவு அனுப்பியிருக்கிறாள். நாலாவது டேக், நாற்பது நொடி. திரையின் அடியில் போடுவதற்கு அவள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டுமாம். வெளியாளைக் கேட்கலாம், ஆனால் அது உங்களுக்குச் சொல்லப்பட்டது என்று நினைக்கிறேன், ஆகவே முதலில் உங்களைக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தாள். தமிழ் தெரியாத பிள்ளைக்கு எப்படியோ விளங்கியிருக்கிறது.

காலையில் ஒன்று எழுதினேன். 'ஐயோ, என்னைத் தனியே விட்டுப் போனீர்களே, இனி நான் என்ன செய்வேன்' என்ற பொருளில். யாருக்கும் தெரியப் போவதில்லை. அனுப்பும் முன் துண்டை இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குள் கிடப்பவனின் முகம் அசையவே இல்லை. நல்ல நடிகன். அவள் அவனுடைய காதுக்குக் கிட்டக் குனிந்து சொல்கிறாள்:

"உங்களுக்குப் பயம் எண்டு எனக்குத் தெரியும். பயம் வந்தா நீங்கள் எழும்பிப் போவியள், எனக்குத் தெரியாதே? பயப்பிடுங்கோ, அதுக்கென்ன. பயந்துகொண்டே வாங்கோ. நானும் வாறன்."

எழுதியதை அழித்துவிட்டு இதை எழுதினேன். ஒரு சொல்லும் விடவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு வரிதான் வந்தது.

மலர் பின்னால் வந்து தோளுக்கு மேலாக எட்டி வாசித்தாள்.

"இதை ஊர் உலகமெல்லாம் பாக்கப் போகுதே, பரவாயில்லையோ?"

"நாப்பது பேருக்கு ஏற்கெனவே தெரியும். மிச்சப் பேரும் அறியட்டும்."

அவள் போன பிறகு இந்தக் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். வடை, டயர், கார், படப்பிடிப்பு என்று எல்லாம் இருக்கிறது, அந்த ஒரு சொல்தான் நேற்றுவரை எங்கேயும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. மலர் கூட வந்தாள். நடந்தது அவ்வளவுதான்.